சேலத்திலிருந்து நகை தேடிக் கடற்கரைக்குப் போகிறவர்களுக்கு

சேலத்தில் இருக்கும் ஒருவர் கேட்டிருப்பது இது: மெட்டல் டிடெக்டர் ஒன்று வாங்கி, கடல் இறங்கியிருக்கும் நேரமாகப் பார்த்துக் கரையில் பழைய நகை தேடலாமா, எந்த மெஷின் வாங்குவது, எந்தக் கரைக்குப் போவது, கிடைத்தால் அது நமக்கா அரசாங்கத்துக்கா?

தேடலாம். ஆனால் நீங்கள் பார்த்திருக்கும் வீடியோக்கள் பெரும்பாலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் எடுத்தவை. அங்கே உள்ள கடல் வேறு, அங்கே தொலையும் நகை வேறு, சட்டமும் வேறு. அந்த முறையை அப்படியே கடலூரில் செய்து பார்த்தால் மாத்திரை அட்டையும் பாட்டில் மூடியும்தான் பை நிறைய வரும். நான் செவ்வாய்ப்பேட்டை பக்கம் வெள்ளி வேலையில் இருப்பவன், டிடெக்டர் பிடிப்பதும் பல வருடப் பழக்கம், அதனால் நகையின் பக்கமிருந்தே சொல்லிக்கொண்டு போகிறேன்.

முதலில் கடல் இறங்குவதைப் பார்ப்போம். இங்கிலாந்தில் செவர்ன் ஆறு கடலில் சேரும் இடத்தில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் 14 மீட்டர் வரை வித்தியாசம் வரும், நம் நாட்டிலேயே குஜராத்தில் பாவ்நகர் பக்கம் 10 மீட்டரை ஒட்டி வரும். அங்கெல்லாம் தண்ணீர் கண்ணுக்கெட்டாத தூரம் விலகிப் போய் மைதானம் போலத் தரை தெரியும். சென்னைக் கரையில் அதிகபட்ச நாளிலேயே ஏறக்குறைய ஒரு மீட்டர்தான், தெற்கே போகப் போக இன்னும் குறைவு. ஆகவே நமக்குக் கூடுதலாகக் கிடைப்பது சில எட்டு அகலமுள்ள ஈர மணல். ஆனால் அந்தச் சில எட்டுதான் முக்கியம், ஏனென்றால் நம் ஜனங்கள் முழங்காலிலிருந்து இடுப்பளவு தண்ணீரில் நின்றுதான் குளிப்பார்கள், மோதிரம் கழன்று விழுவதும் கொலுசு அறுந்து போவதும் அங்கேதான். ஒரு நாளைக்கு இரண்டு முறை கடல் இறங்கும், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம், அதனால் நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் இறக்கம் அதிகம், அஷ்டமியை ஒட்டி மிகக் குறைவு. சர்வே ஆஃப் இந்தியா ஆண்டுதோறும் ஓத அட்டவணை, அதாவது கடல் ஏறி இறங்கும் நேரக் கணக்கு, வெளியிடுகிறது, அதைப் பார்த்து, மிகத் தாழ்ந்த நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே மணலில் இறங்கி, தண்ணீர் விலக விலகப் பின்னாலேயே போங்கள். கடல் திரும்ப ஏறத் தொடங்கி ஒரு மணி நேரத்தில் மேலே வந்துவிடுங்கள்.

ஓதத்தைவிட நம் கரையில் பெரிய விஷயம் ஒன்று உண்டு, மணல் அறுப்பு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, புயலும் பேரலையும் வந்து கரையைச் செங்குத்தாக வெட்டிவிட்டுப் போகும். இடுப்பளவுக்கு மணல் சுவர் நிற்கும், அதன் கீழே வருடக்கணக்காக மூடிக் கிடந்த பழைய அடுக்கு வெளியே தெரியும். தங்கம் தண்ணீரைவிட 19 மடங்கு கனம், 22 காரட் நகைகூட 17 மடங்குக்கு மேல், சாதா மணல் துகள் இரண்டரை மடங்கு சொச்சம்தான். அலை மணலை அள்ளிக்கொண்டு போய்விடும், கனமானது கீழே இறங்கி, சிப்பி அடுக்கோ களிமண்ணோ எது தடுக்கிறதோ அங்கே உட்கார்ந்துவிடும். கோடை முழுக்க மேலே மணல் சேர்ந்துகொண்டே இருந்தால் அந்த நகை இரண்டு அடி, மூன்று அடி ஆழத்துக்குப் போய்விடும், சாதாரண டிடெக்டர் ஒரு மோதிரத்தைக் காட்டுவது ஒரு சாண் ஆழம் சொச்சம்தான், எட்டாது. அதனால் நான் நாள் பார்ப்பது புயலை வைத்து. புயல் கரையைக் கடந்து, மத்திய அரசின் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் தரும் பேரலை எச்சரிக்கை நீங்கி, அதன்பின் வரும் முதல் அமாவாசையோ பௌர்ணமியோ, அந்த இரண்டு மூன்று நாட்கள்தான் வருடத்திலேயே நல்ல நாட்கள்.

கரையில் நிற்கும்போது ஒரு அடையாளம் சொல்கிறேன், இதைப் பழகிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. தோண்டி எடுப்பது எல்லாம் லேசான சாமான், அலுமினியத் தாள், பாட்டில் மூடி, சிகரெட் பெட்டித் தகடு என்றால் அந்த இடத்தை விட்டு நகருங்கள், அலை அங்கே லேசானதைக் கொண்டுவந்து சேர்க்கிறது. மீன் வலையில் கட்டும் ஈயக் குண்டு ஒன்று வந்து, நாலு எட்டில் இன்னொன்று வந்து, பழைய செப்புக் காசு ஒன்றும் வந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். ஈயம் தண்ணீரைவிட 11 மடங்கு கனம், வெள்ளி பத்தரை மடங்கு. ஈயம் எங்கே ஒதுங்குகிறதோ வெள்ளியும் தங்கமும் அந்த வரிசையில்தான் ஒதுங்கும். அந்த வரிசை பெரும்பாலும் கரைக்கு இணையாகவே ஓடும், அதைப் பிடித்துக்கொண்டு மெதுவாக, காயில் (மெஷினின் அடியில் இருக்கும் தட்டு) மணலை உரசும்படி, ஒரு எட்டுக்கு ஒரு வீச்சு என்று போக வேண்டும்.

சரி, மெஷின். உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும், அதனால் ஈர மணலே டிடெக்டருக்கு ஒரு உலோகத் தகடு மாதிரி கேட்கும், அதுவும் மெல்லிய தங்கம் எந்த இடத்தில் காட்டுமோ கிட்டத்தட்ட அந்த இடத்திலேயே. ஒற்றை அலைவரிசையில் ஓடும் விலை குறைந்த மெஷின்கள் காய்ந்த மணலில் ஒழுங்காக இருக்கும், ஈரத்தில் கால் வைத்ததும் ஓயாமல் கத்தும். சத்தத்தைக் குறைக்க சென்சிட்டிவிட்டியை இறக்கினால் கூடவே மூக்குத்தியும் தோடும் காணாமல் போகும். கடற்கரைக்கு என்றே வாங்குவதானால் ஒரே நேரத்தில் பல அலைவரிசையில் ஓடும் மெஷின் வாங்குங்கள், அது உப்பையும் உலோகத்தையும் பிரித்துப் பார்க்கும். பல்ஸ் இன்டக்‌ஷன் என்று இன்னொரு வகை இருக்கிறது, உப்பையும் கருமணலையும் கண்டுகொள்ளாது, ஆழமும் அதிகம், ஆனால் இரும்பா தங்கமா என்று சொல்லாது. நம் கரையில் கிடக்கும் ஊக்குகளையும் ஆணிகளையும் நினைத்துப் பார்த்தால் புதிதாகத் தொடங்குகிறவருக்கு அது வேண்டாம் என்பேன்.

இப்போது நகைக்கு வருகிறேன், இந்த இடத்தில்தான் வெளிநாட்டுக் கணக்கு நம்மிடம் சுத்தமாகப் பொய்த்துப் போகும். அங்கே மோதிரம் என்றால் 9 காரட், 14 காரட். தங்கத்தில் செம்பும் வெள்ளியும் கலக்கக் கலக்க மின்கடத்தும் திறன் தடதடவென்று குறையும், உலோகத்துக்குத் தகுந்தபடி மெஷின் திரையில் ஒரு எண் வரும், ஆகவே அவர்கள் மோதிரங்கள் தாழ்ந்த எண்ணில் காட்டும். நம் வீடுகளில் 22 காரட், கலப்பு கம்மி, அதே அளவு மோதிரம் அவர்கள் சொல்லும் எண்ணுக்கு மேலே காட்டும். வீடியோவில் சொன்ன எண்ணை மட்டும் தோண்டினால் கனமான கல்யாண மோதிரத்தைக் குப்பை என்று தாண்டிப் போய்விடுவீர்கள்.

அடுத்தது சங்கிலி. டிடெக்டர் உலோகத்துக்குள் ஒரு சுழல் மின்னோட்டத்தை உண்டாக்கி அதைத்தான் கேட்கிறது. மூடிய வளையம் என்றால், மோதிரம், வளையல், மெட்டி, அந்த ஓட்டம் தாராளமாகச் சுற்றும், சத்தம் கணீரென்று வரும். சங்கிலியில் ஓட்டம் ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் தனித்தனியாக அடைபட்டுவிடும், ஐந்து பவுன் சங்கிலிகூட மெஷினுக்கு ஒரு சின்னக் கண்ணி அளவுக்குத்தான் கேட்கும். கொலுசும் அப்படியே. வெள்ளிதான் உலோகங்களிலேயே மின்சாரத்தை நன்றாகக் கடத்துவது, ஆனாலும் கண்ணி கண்ணியாகக் கோத்த கொலுசு அந்தப் பெருமையைக் காட்டாது, உப்பில் கிடந்து கண்ணிகள் கறுத்துவிட்டால் இன்னும் மோசம். அதில் மெஷினுக்கு நன்றாகக் கேட்பது திருகாணி இருக்கும் முனை, அங்கேதான் வெள்ளி கட்டியாக இருக்கும். ஆகவே ஒரு சின்னச் சத்தம் ஒரே இடத்தில் குத்தாமல் ஒரு சாண் நீளத்துக்கு இழுத்துக்கொண்டு போனால், எண் எவ்வளவு தாழ்வாக இருந்தாலும் தோண்டிப் பாருங்கள். தாலிக் குண்டு உள்ளே அரக்கு நிரப்பிய மெல்லிய தகடு, அதுவும் மெதுவாகத்தான் பேசும். நம்முடைய ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்கள் காந்தத்தில் ஒட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அவை இரும்பு என்றே காட்டும். (அந்த நாணயங்களுக்கான வில்லைகளை நம் சேலம் உருக்காலையும் வெட்டிக் கொடுத்திருக்கிறது.)

சேலத்துக்காரருக்கு ஒரு வசதி உண்டு, கடலுக்குப் போகும் முன் இங்கேயே நன்றாகப் பழகிக்கொள்ளலாம். கஞ்சமலைப் பக்கத்து ஓடை மணலில் காந்தத்தை இழுத்தால் கருந்துகள் தாடியாக ஒட்டிக்கொண்டு வரும், மலையே காந்த இரும்புக்கல். ஏற்காட்டில் மேலே இருப்பது பாக்சைட்டும் செம்புரைக்கல்லும், அதிலும் இரும்பு நிறைய. இந்த மண்ணில் மெஷினை அப்படியே ஓட்டினால் காலுக்குக் கீழே எல்லாமே உலோகம் என்று சொல்லும், மண்ணின் சத்தத்தை மெஷின் கண்டுகொள்ளாதபடி சரிசெய்யும் கிரவுண்ட் பேலன்ஸ் என்ற வேலை எதற்கு என்று ஒரே நாளில் புரிந்துவிடும். கடற்கரையில் புயலுக்குப் பின் கறுப்பும் கருஞ்சிவப்புமாக வரி வரியாக ஒதுங்கும் மணல் இதன் தம்பிதான், இல்மனைட்டும் கார்னெட்டும் மேக்னடைட்டும். கனமான மணல் நின்று லேசானது போய்விட்டது என்பதற்கு அது அத்தாட்சி, தங்கத்துக்கு நல்ல இடம், மெஷினுக்கு மோசமான இடம். இரும்பு மண்ணில் பழகிய காது அங்கே உதவும். உப்புக்குப் பழக ஒரு பிளாஸ்டிக் தொட்டி போதும். மணலை நிரப்பி, லிட்டருக்கு 35 கிராம் கல்லுப்பு கரைத்த தண்ணீரை ஊற்றி நனையவைத்து, ஒரு மெட்டி, ஒரு அறுந்த கொலுசுத் துண்டு, ஒரு ஈயக் குண்டு, ஒரு மாத்திரை அட்டை, வீட்டு மோதிரம் ஒன்று, எல்லாவற்றையும் நூலில் கட்டி வெவ்வேறு ஆழத்தில் புதைத்துக் கேளுங்கள். திரையைப் பார்க்காமல் காதால் மட்டும் பிரித்துச் சொல்லும் வரை கடலூர் பஸ் ஏற வேண்டாம்.

எந்தக் கரை என்றால், கூட்டம் குளிக்கும் கரை. கடலூர் தேவனாம்பட்டினம், புதுச்சேரி வைத்திக்குப்பம் இரண்டு இடத்திலும் மாசி மகத்துக்கு சாமிகள் தீர்த்தவாரிக்கு வரும், ஜனங்களும் கடலில் இறங்குவார்கள். மாசி மகம் பௌர்ணமியை ஒட்டி வருவதால் கடலும் நன்றாக இறங்கும். ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கும் இதே கணக்குத்தான். திருவிழா அன்று போகாதீர்கள், மறுநாள் விடிகாலை போங்கள். தேவனாம்பட்டினத்தில் ஆங்கிலேயர் 1690-ல் வாங்கிய புனித டேவிட் கோட்டையின் மிச்சம் இருக்கிறது, தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620-ல் கட்டிய டேன்ஸ்பர்க் கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது, அங்கே கரையில் டேனிஷ் காலத்து ஈயக் காசும் செப்புக் காசும் ஒதுங்குவது உண்டு. ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் கோட்டையையும் பழைய கோயிலையும் ஒட்டிய இடங்களுக்கு மெஷினோடு போகவே போகாதீர்கள், குளிக்கும் கரையோடு நின்றுவிடுங்கள். மாமல்லபுரத்துக்கும் பூம்புகாருக்கும் இதையே சொல்வேன். மத்தியப் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி, அதற்கு மேல் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. சட்டத்தை விடுங்கள், ஒரு காசு எந்த அடுக்கில் எதன் பக்கத்தில் கிடந்தது என்பதுதான் தொல்லியல்காரர்களுக்குச் செய்தி, நாம் பிடுங்கி எடுத்துவிட்டால் அது வெறும் காசு.

ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்திலும், நமக்குப் பக்கத்தில் பவானி கூடுதுறையிலும், தண்ணீரில் காசும் நகையும் தேடிப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். கயிற்றில் காந்தம் கட்டியும் சல்லடை வைத்தும் தேடுவார்கள், அது அவர்கள் சோறு. அவர்கள் தேடும் இடத்தில் நாம் மெஷினைக் கொண்டுபோய் நிறுத்துவது சரியில்லை. வேறு கரைகளிலும் முதலில் மீனவர்களிடம் "அண்ணே, இங்கே தேடலாமா" என்று கேளுங்கள், எந்தப் புயலில் எங்கே மணல் அறுந்தது, பழைய குளிக்கிற இடம் எது என்று அவர்களே சொல்வார்கள். அப்புறம் பக்கத்துக் காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்குவது எப்போதும் நல்லது, கடலோரத்தில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கம்பி நீட்டி நடப்பவரைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும்.

தோண்டுவது ஒரு கலை. சத்தம் வந்ததும் குறுக்கே ஒரு வீச்சு, நெடுக்கே ஒரு வீச்சு, இரண்டும் வெட்டும் இடத்தை மனதில் வைத்து, அதற்கு அரை அடி தள்ளிச் சல்லடைக் கரண்டியை இறக்க வேண்டும், நேராக இறக்கினால் நகை வெட்டுப்படும். ஈர மணலில் குழி நிற்காது, அள்ளிய கணமே தண்ணீர் ஊறிப் பக்கங்கள் சரியும், கனமான பொருள் அந்தச் சேற்றில் இன்னும் கீழே நழுவும், அதனால் முதல் கரண்டியையே ஆழமாக, பெரிதாக அள்ளுங்கள். அலையில் கரண்டியைக் குலுக்கியதும் மணல் இறங்கிவிடும், சிப்பியும் கல்லும் நிற்கும். நகை பளபளவென்று இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். தங்கம் மட்டும்தான் அப்படி வரும். வெள்ளி மெட்டி ஒன்று வந்தால் அது சாம்பலும் ஊதாவும் கலந்த நிறத்தில், மேலே மணல் துகள் ஒட்டிப் பொருக்குத் தட்டி, உடைந்த சிப்பி ஓரம் மாதிரிதான் தெரியும். கையில் வைத்தால் கனம் காட்டிக் கொடுக்கும். கறுத்த சேற்றில் கிடந்தது என்றால் முழுக்கக் கறுப்பு, செம்பு அதிகம் கலந்த, டச் (வெள்ளியின் சுத்தம்) குறைந்த வெள்ளி என்றால் பச்சைக் களிம்பு வெளியே பூத்திருக்கும். எடுத்த பின் குழியில் இன்னொரு முறை காயிலை வீசுங்கள், மெட்டி ஜோடியாகத் தொலையும், கொலுசு அறுந்தால் சலங்கை தனியாகக் கிடக்கும். குழியை மூடாமல் நகராதீர்கள், இருட்டில் குழந்தை கால் மடங்கும்.

கிடைத்தது யாருக்கு என்ற கேள்வி. சமீபத்தில் தொலைந்த நகை என்று தெரிந்தால் அதற்குச் சொந்தக்காரர் இருக்கிறார். அவரைக் கண்டுபிடிக்க முயற்சி எடுக்காமல் நாமே வைத்துக்கொள்வது பாரதிய நியாய சன்ஹிதா 314-வது பிரிவின்படி குற்றம். தங்கத்தில் எழுத்தும் எண்ணும் கலந்து மொத்தம் ஆறு குறி கொண்ட எச்யூஐடி முத்திரை இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள், 2023 ஏப்ரல் முதல் ஹால்மார்க் நகை அது இல்லாமல் விற்கக் கூடாது. பிஐஎஸ் கேர் ஆப்பில் அதைப் போட்டால் எந்தக் கடை பதிவில் உள்ள நகை என்று வந்துவிடும், கடைக்காரர் பில்லைத் தேடினால் ஆள் கிடைத்துவிடுவார். பழைய நகையிலும் கடை முத்திரை உள்பக்கம் இருக்கும், கொலுசில் பட்டறைக்காரர் முத்திரையும் டச்சும் அடித்திருப்பார்கள், எங்கள் தெருவில் காட்டினால் யார் வேலை என்று சொல்ல ஆள் உண்டு. ஒன்றும் தெரியவில்லை என்றால் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு தாலிக் குண்டு திரும்பி வரும்போது அந்த அம்மாவின் முகம் என்ன ஆகிறது என்று ஒரு தடவை பார்த்தால் எடையும் விலையும் பேசத் தோன்றாது.

மண்ணுக்குள் மறைந்து கிடந்த, சொந்தக்காரர் தெரியாத பழைய பொருள் என்றால் 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டம் வரும். மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், என்ன பொருள், எங்கே, எந்தத் தேதியில் என்று. மறைத்தால் உங்கள் பங்கு அரசுக்குப் போகும், ஓராண்டு வரை சிறையும் உண்டு. நூறு ஆண்டு தாண்டிய நகையும் காசும் தொல்பொருள், 1972-ம் ஆண்டுச் சட்டப்படி தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. இணையத்தில் வெளிநாட்டுக்காரர் விலை கேட்கிறார் என்று பதில் போடாதீர்கள்.

இன்னொன்று கெஞ்சிக் கேட்கிறேன். சேலத்தில் பழைய வெள்ளி கையில் வந்ததும் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது எடை போட்டு மூசையில் போட்டு உருக்குவது. தேய்க்கவும் வேண்டாம், உரைகல்லில் உரைக்கவும் வேண்டாம், புளியும் விபூதியும் போட்டுத் துலக்கவும் வேண்டாம், அந்தப் பொருக்கோடு சேர்ந்து முத்திரையும் செதுக்கு வேலையும் போய்விடும். நல்ல தண்ணீரில் போட்டுத் தினமும் தண்ணீர் மாற்றி உப்பை இறக்குங்கள், பிறகு பூந்திக்கொட்டைத் தண்ணீரில் மிருதுவான பிரஷ் போதும். கல் பதித்த பழைய நகையில் கல்லுக்குப் பின்னால் அரக்கு இருக்கும், வெயிலில் காய வைத்தால் கல் உதிரும், நிழலில் மெதுவாகக் காய விடுங்கள். இன்று யாரும் செய்யாத கண்ணி வகைகள், ஒரு பட்டறையோடு முடிந்துபோன வேலைகள், இப்படிக் கடலில் கிடந்துதான் தப்பி வருகின்றன.

"தங்கத்தை மட்டும் காட்டும், பத்து அடி ஆழம் பார்க்கும்" என்று சொல்லி விற்கும் மெஷின் எதையும் வாங்காதீர்கள், அப்படி ஒன்று உலகத்தில் இல்லை. இரிடியம் கலசம், அரிசி இழுக்கும் பாத்திரம் என்று நம் பக்கத்தில் எத்தனை குடும்பம் ஏமாந்தது என்று உங்களுக்கே தெரியும், இதுவும் அந்த ஆட்களின் வியாபாரம்தான்.

கடைசியாக, ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் நம் கரையில் ஏறி முட்டையிடும், ஓதம் எட்டாத காய்ந்த மணலில், ஒன்றரை அடி ஆழத்தில். அந்த மாதங்களில் இரவில் போகவே வேண்டாம், பகலிலும் ஈர மணலோடு நின்றுவிடுங்கள். நகை இருக்கும் இடமும் அதுதான்.